மழை வரும் என்று நீங்கள் தள்ளிப்போட்ட பயணம்

என்னங்க,

நீங்கள் போன பிறகும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் நின்று கூப்பிடுவேன், திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நடக்கும்போது கூப்பிடுவேன். கூப்பிட்ட பிறகு சொல்வதற்கு அடுத்த வார்த்தை இருக்காது. அப்படியே நிற்பேன். இன்றைக்கு இருக்கிறது. நானும் நம் பிள்ளை நிவேதாவும் மேகமலைக்குப் போய்வந்தோம்.

நம்ப மாட்டீர்கள். கல்யாணமாகி ஓடைப்பட்டிக்கு வந்த நாளிலிருந்து, வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் அந்த மலைதான். துணி உலர்த்தும்போதும் அதுதான், பாத்திரம் விளக்கும்போதும் அதுதான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் கால் வைத்ததில்லை. குச்சனூர்க் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள்கூட இரண்டு நாள் கூடத் தங்கி மேலே போய்ப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நமக்கு மட்டும் வாய்க்கவில்லை.

நீங்கள் திட்டம் போடாத மார்கழி உண்டா? பழம் பழுக்கிற சமயமாக இருக்கக் கூடாது. கொடியைக் கவாத்து வெட்டுகிற சமயமாகவும் இருக்கக் கூடாது. மலையில் மழை இருக்கக் கூடாது, மூடுபனி கொஞ்சமாக இருக்க வேண்டும், ஆனால் குளிர் நிறைய இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்து வருகிற நாளைத் தேடியே உங்கள் டிசம்பர்கள் முடிந்துபோகும். "நீங்க கேக்குற மாதிரி ஒரு நாள கடவுள் இன்னும் செய்யல" என்று நான் சொல்வேன். நீங்கள் சிரித்துக்கொண்டே டிவியில் செய்தியை வைப்பீர்கள், வானிலை சொல்லும் நேரம் பார்த்து.

கடைசியாக ஒரு வருஷம் எல்லாம் கூடிவந்தது. எஸ்டேட் விடுதியில் அறை சொல்லியாகிவிட்டது. தேனியில் மூன்று பேருக்கும் சுவெட்டர் எடுத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்தரம் வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று சொன்னார்கள். நீங்கள் மொட்டைமாடிக்கும் கீழுக்குமாக நடந்தீர்கள். சின்னமனூரில் வேன் ஓட்டுகிறவரிடம் போனில் கேட்டீர்கள். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னீர்கள்:

"லட்சுமி, அடுத்த வாரம் போவோம். மேல மரம் விழுந்தா ரோடு எப்பத் தெறப்பாகன்னு தெரியாது. பிள்ளைய வச்சுக்கிட்டு மாட்டக் கூடாது."

மறுநாள் வெயில் அடித்தது. கழுவிவிட்ட மாதிரி வானம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். மலையைப் பார்த்தீர்கள். "பாரு புள்ள, ஒரு பொட்டு மேகம் இல்ல. போயிருக்கலாம்" என்றீர்கள்.

நான் மோர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் அப்படியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "மோரக் குடிங்க, அப்புறம் மலையப் பாப்பீக" என்றேன். டம்ளரை நீட்டினேன். "கோவமா? நானா மழை வரும்னு சொன்னேன்?" என்று வேறு கேட்டேன். உங்கள் கண் திறந்திருந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டேதான் இருந்தேன், என்னங்க. செத்துப்போன மனுஷனிடம் மோர் புளித்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போயிருக்கலாம். அந்த ஒரு சொல்லை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மலை ரோட்டில், பிள்ளையின் கண் முன்னால், ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் நடந்திருக்குமா? அல்லது அந்தக் குளிரில், அந்தச் சந்தோஷத்தில், நடக்காமலே போயிருக்குமா? தேனியில் டாக்டர், "எங்க இருந்தாலும் நடந்திருக்கும்மா, இது இதயம் செய்ற வேல" என்றார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

உங்கள் போனை நான் அணைக்கவில்லை. மாதாமாதம் காசு கட்டிவிடுகிறேன். விடிந்தும் விடியாமலும் அது ஒரு தரம் அதிரும். மேகமலையில் மழைக்கு வாய்ப்பு, மேகமலையில் மூடுபனி, மேகமலையில் தெளிந்த வானம். நீங்கள் இல்லையென்று அதற்கு யார் சொல்வது? நான் படித்துவிட்டுப் பந்தலுக்குப் போவேன்.

இன்னொன்றும் உண்டு. மழை திரளும் நாட்களில் மொட்டைமாடியில் நாற்காலியை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்கும். நீங்கள் வானம் பார்க்க உட்காருவீர்களே, அதே மாதிரி. நிவேதா லீவுக்கு வந்திருந்தபோது சொன்னேன். "காத்தும்மா" என்றாள். உங்கள் அக்கா தேவாரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மந்திரிக்கிற ஆள் யாரையாவது கூட்டிவந்து பார்க்கலாம் என்றார். நான் சரியென்று சொல்லவில்லை. எனக்குப் பயம்தான். ஆனால் சத்தம் கேட்கிறதே என்ற பயம் இல்லை. அது நின்றுவிடுமோ என்ற பயம்.

இந்த மார்கழியில் நிவேதா கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள், "அம்மா, மேகமலைக்குப் போவோம்."

நான் முடியாது என்றேன். பழம் நிறம் மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இனிப்பு ஏறட்டும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அக்காவும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அந்த மலைப் பேச்ச எடுத்துத்தான் என் தம்பி போனான். இனி இந்த வீட்டுல யாரும் அதப் பேசாதீக."

நிவேதா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "அத்தை, அப்பா மலைக்குப் போயிச் சாகல. போகாமத்தான் செத்தாக."

உங்கள் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, "போறதுன்னா காதுக்குத் துணி கட்டிக்கிட்டுப் போங்க, பனி எறங்கிரும்" என்றார்.

பிறகு நாங்களும் உங்களைப் போலவே ஆனோம். நிவேதா போனில் படம் படமாகக் காட்டினாள். கடலில் ஒரு சுழல் கரையேறிவிட்டதாம், அடுத்தது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதாம். "நடுவுல ஒரு இடைவெளி இருக்கும்மா. அதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்." ஒரு ஆப் மழை என்றது, இன்னொன்று வெயில் என்றது, மூன்றாவது எதுவும் சொல்ல முடியாது என்றது. உங்கள் தம்பி செல்வம், "நீங்க போங்க மதினி, தோட்டத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. "என்னங்க, போகலாமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். காற்றுகூட அசையவில்லை. வானத்தைப் பற்றி இந்த வீட்டில் எப்போதும் நீங்கள்தான் முடிவு எடுத்தீர்கள். அன்றைக்கு முதல் தடவையாக நான் எடுத்தேன்.

நிவேதாதான் கார் ஓட்டினாள். நான் உங்கள் சுவெட்டரைப் போட்டிருந்தேன். விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. சின்னமனூர் தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, வளைவு வளைவாக ஏறினோம். பாதி தூரத்தில் மஞ்சு மூடுபனியாக இறங்கியது. முன்னால் ரோடு இல்லை, பக்கத்தில் பள்ளம் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. நிவேதா விளக்கைப் போட்டுக்கொண்டு மாடு நடக்கிற வேகத்தில் போனாள். பிள்ளையை வைத்துக்கொண்டு மாட்டக் கூடாது என்று நீங்கள் சொன்னது காதிலேயே நின்றது. "திருப்பு" என்று சொல்ல வாயெடுத்தேன். திருப்பவும் இடமில்லை. அப்படியே ஒரு வளைவு திரும்பியதும் வெயில். சட்டென்று, யாரோ போர்வையை உருவின மாதிரி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தேயிலை, நடுவில் ஏரித் தண்ணீர்.

அழகாக இருந்தது, என்னங்க. நீங்கள் சொன்னதைவிடவும். எனக்குக் கோபமாக வந்தது.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மா கேரளத்துப் பக்கத்துக்காரர். தட்டில் சாயா கொண்டுவந்து வைத்தார். மூன்று கிளாஸ். வைத்துவிட்டுக் கார்ப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சார் பொறகால வராகளா?"

"ரெண்டு பேருதாம்மா" என்றேன்.

"மூணு பேருன்னுல்ல சொன்னாக?"

நிவேதாவின் முகம் மாறிவிட்டது. "நாந்தாம்மா" என்றாள். "எத்தன பேருன்னு கேட்டாக. மூணுன்னு சொல்லிட்டேன். வாய் தானாச் சொல்லிருச்சு. அப்புறம் மாத்தத் தோணல." இந்த இரண்டு வருஷமும் என் முன்னால் அவள் அழுததில்லை. கல்மனசுக்காரி என்றுகூட உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அன்றைக்கு அந்தத் தேயிலைக்கு நடுவில் நின்று, சின்னப் பிள்ளையில் அழுவாளே, வாயைச் சதுரமாக வைத்துக்கொண்டு, அப்படி அழுதாள். நான் அந்த அம்மாவிடம், "அவுக வரல. நீங்க உக்காந்து குடிங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, எங்களோடு குடித்தார்.

அப்போதுதான் செல்வம் கூப்பிட்டார். "மதினி, இங்கன ஊத்துது. கண்ணு தெரியல. பழம் தாங்காது போலருக்கு."

நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. பள்ளத்தாக்கு தெரிகிற ஓரத்துக்கு ஓடினேன். கீழே ஊர் இல்லை. ஓடைப்பட்டி இல்லை, சின்னமனூர் இல்லை, நம் பந்தல் இல்லை. கரை முட்டக் கறுத்த மேகம். அதற்கடியில் எங்கேயோ நம் கொல்லை. இத்தனை வருஷம் அங்கிருந்து இந்த இடத்தைப் பார்த்துப் பயந்தோம். இப்போது இங்கே வெயிலில் நின்றுகொண்டு வீட்டைப் பார்த்துப் பயந்தேன்.

"கெளம்புத்தா" என்றேன் நிவேதாவிடம்.

"எறங்கி என்னம்மா செய்யப் போற? கொல கொலயாக் கொட பிடிக்கப் போறியா?"

கோபம் வந்தது. அப்புறம் நான் ஒவ்வொரு குலைக்கும் குடை பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. சிரித்துவிட்டேன். சத்தம் போட்டு. அவளும் சிரித்தாள். நீங்கள் போன பிறகு எங்கள் சிரிப்பை நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். நாங்கள் இறங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஏரியிலிருந்து பனி எழுந்து வந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு கனைப்பு. பேச்சை ஆரம்பிக்கும் முன் நீங்கள் கனைப்பீர்களே, இரண்டு தரம், இரண்டாவது கொஞ்சம் சின்னதாக. நான் திரும்பினேன். நிவேதாவும் திரும்பினாள். பின்னால் சுவரும் சாத்தின கதவும்தான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காற்று என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய கை மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. விடிய விடியத் தூங்கினேன், கனவு இல்லாமல்.

தோட்டத்துச் சேதியும் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பந்தலில் பாதிக்கு மேல் வெடித்துப்போனது. மற்றதைச் செல்வமும் நானும் ஆள் விட்டு உடனே வெட்டி அனுப்பிவிட்டோம். மழைக்கு முன்னால் நான் இங்கே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று செல்வம் சொல்கிறார். இருக்கலாம். இந்தத் தடவை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் உட்காரவில்லை.

மறுநாள் இறங்கும்போது நடந்ததை நிவேதாவிடம்கூட நான் விளக்கிச் சொல்லவில்லை. பாதி மலையில் மறுபடியும் அதே வெள்ளை. ஒரு வளைவில் ரோடு அகலமாக இருந்தது. "ஓரமா நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். நான் இறங்கினேன். காரின் பின்கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்தபடி நின்றேன். மஞ்சு உள்ளே புகுந்து வெளியே வந்தது. ஈரத்தில் முகமெல்லாம் நனைந்தது. எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். ஒருவர் நிதானமாக எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு மெதுவாகச் சாத்தினேன். நிவேதா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டியை எடுத்தாள்.

நீங்கள் இறங்குவதற்காகத் திறந்தேனா, ஏறிக்கொள்வதற்காகத் திறந்தேனா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த மார்கழியில் நான் மேலே வருவேன். மழை என்று சொன்னாலும் வருவேன், வெயில் என்று சொன்னாலும் வருவேன். அந்த வளைவில் இறங்கியிருந்தால், அங்கனயே நில்லுங்க. வீட்டுக்கு வந்திருந்தால், வண்டியில் எனக்கு முன்னால் ஏறி உட்காருங்க.

உங்கள் வீட்டுக்காரி, நிவேதாவின் அம்மா,
லட்சுமி