கடைவாயில் ஒரு காலியிடம்

என் அருமை மகள் உமைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா கரீம் பாட்சா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் தாராவியில் உன் உம்மா பேகம் நல்ல சுகம், என் கடைவாயைத் தவிர நானும் சுகம். லீட்ஸ் குளிரில் நீயும் மருமகன் இஜாஸும் நோய்நொடியில்லாமல் இருக்க துஆ செய்கிறோம். போன் இருக்க வாப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். வாயில் தையல், பிரிக்கும்வரை வளவளவென்று பேசக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டது வேறு யாருமில்லை, நம் தோல் பட்டறைக்கு எதிர்ப் பட்டறை ஜெயினுலாப்தீனின் மகள், பல் டாக்டர் சஃபீனாதான்.

ஆமாம், கடைசியில் அவளிடமே போனேன். தாதரில் காட்டினேன், சான்பாடா வரைக்கும் போய்க் காட்டினேன், எல்லாரும் ஒரே பாட்டு, பல் விழுந்த இடத்தில் எலும்பு தேய்ந்துவிட்டது, முதலில் எலும்பை வளர்க்க வேண்டும், அப்புறம்தான் தாடையில் திருகும் அதன்மேல் பல்லும் என்று. நீயும் போனில், சஃபீனா என்கூட படிச்சவ வாப்பா, நல்லா செய்வா, அடம் பிடிக்காதீய என்றாய். அவள் கை நல்ல கை என்று எனக்குத் தெரியாதா? அதுதானே என் வயிற்றெரிச்சல். ஒரே படிப்புப் படித்தீர்கள், நீ லீட்ஸில், அவள் செம்பூரில். கிளினிக்கை மூடிவிட்டு வந்து தினமும் தன் வாப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போன வருஷம் அவருக்கும் இதே வைத்தியம் செய்தாள். அதிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை, ஓட்டலில் நல்லி எலும்பாகப் பார்த்து வாங்கிக் கடித்து, பாத்தீரா பாட்சா, எம்மவ வெச்ச பல்லு என்கிறார். என் மகளும் இதே டாக்டர்தான் என்று நான் சொன்னால், அப்ப உம்ம வாய் ஏன் ஓட்டையா கெடக்கு என்று கேட்கிறார்.

மாட்டெலும்பைச் சுட்டுச் சுத்தம் பண்ணின தூள் என்று சஃபீனா ஒரு சின்னக் குப்பியைக் காட்டினாள். தோல்காரன் விடுவேனா, மேலே மூட வைக்கிற சவ்வு எந்த மிருகம் என்று கேட்டேன். பன்றியில் செய்ததும் உண்டாம், நமக்கு அது வேண்டாம் மாமா, உங்க ரத்தத்துலயே சவ்வு செஞ்சிருவேன் என்றாள். என் கையில் ரத்தம் எடுத்து மிஷினில் சுற்றவிட்டாள், மஞ்சளாக ஜவ்வுபோல ஒன்று திரண்டது. பாதியை நறுக்கித் தூளோடு பிசைந்தாள், ஒட்டுமாவு மாதிரி ஆகிவிட்டது. மீதியைத் தட்டையாக அழுத்தி மேலே மூடினாள். தூள் இடத்தைப் பிடித்து வைக்குமாம், ரத்தத்தில் உள்ளது புண்ணைச் சீக்கிரம் ஆற்ற உதவுமாம், எலும்பு மெதுவாக அதுவாக வளர வேண்டுமாம். உனக்குத் தெரியாததா? ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. தையல் போடும்போது ஒரு கையால் என் தாடையைத் தாங்கிக்கொண்டு, முடிஞ்சிட்டு வாப்பா, கொஞ்சம் பொறுங்க என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்குதா மாமா என்று பதறினாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன். பாவம், வீணாக இன்னொரு ஊசி போட்டாள்.

வெளியே பெஞ்சில் ஜெயினுலாப்தீன் உட்கார்ந்திருந்தார், எனக்குத் துணையாம். வீடுவரை கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நல்ல மனிதர்தான், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எலும்பு இறுக மாசக்கணக்காகுமாம். அப்புறம் திருகு வைக்கலாம் என்றாள் சஃபீனா. நீ வைக்க வேண்டாம் மா என்று எழுதிக் காட்டினேன். முதலில் அவள் முகம் சுருங்கிற்று, பிறகு புரிந்துகொண்டு சிரித்தாள். உமைரா வரட்டும் மாமா, என் நாற்காலியிலேயே செய்யட்டும், நான் பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்கேன் என்றாள். எந்த ஊர்க் கிழவர்கள் வாயிலெல்லாமோ உன் கை படுகிறது, ஒவ்வொருத்தர் மேலும் எனக்குப் பொறாமை. லீவு கேள். வரும்வரை ஒரு பக்கமாகவே மென்றுகொள்கிறேன்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், இஜாஸுக்கு என் ஸலாம் சொல். வரும் நாளை முதலில் எனக்குச் சொல், அந்த ஓட்டலில் ஜெயினுலாப்தீனுக்கும் சேர்த்து நல்லி எலும்பு நான்தான் வாங்குவேன்.

உன் வாப்பா,
கரீம் பாட்சா