சுவரில் மாட்டியிருந்த உன் முகம்

என் கண்ணுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் உடம்பளவில் நல்லாத்தான் இருக்கோம், நீயும் அங்கே நல்லா இருக்கணும், இருப்பே. அப்பாவோட முட்டிவலி குறையலை. டாக்டர் தினம் நடக்கச் சொன்னா, இவர் ஸ்டூடியோவுக்குள்ளே கேமராவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் போயிட்டு வர்றதையும் நடைக்கணக்கில் சேர்த்துக்கறார். தலைக்கு மை மட்டும் தவறாமல் அடிக்கிறார், காது வரைக்கும் கறுப்பு. சரி, தினம் போனில் பேசற அம்மா திடீர்னு பேனாவும் பேப்பருமா உட்கார்ந்துட்டாளேன்னு உனக்குத் தோணும். இதைப் போனிலும் சொல்ல முடியாது, மெயிலிலும் அனுப்பக் கூடாது, ஏன்னு படிச்சுக்கிட்டே வந்தா உனக்கே தெரியும். முதல்ல உட்கார்ந்துக்கோ. பஸ்ஸில் நின்னுக்கிட்டு படிக்காதே.

போன மாசம் நீ நம்ம ஊர் பேங்கில் வீட்டுக்கு லோன் கேட்டு, சொந்த ஊரில் உனக்குப் பழைய பாக்கி இருக்குன்னு மறுத்துட்டாங்கன்னு அழுதியே, நான்கூட கம்ப்யூட்டர் ஏதோ உளறியிருக்கும், விடுடின்னு சொன்னேனே, அது உளறல் இல்லை. நீ அழுத கொஞ்ச நாளிலேயே ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கிட்டு ஒருத்தர் ஸ்டூடியோவுக்கு வந்தார், ஆபீஸ் அடையாள அட்டைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணும்னார். தலை சீவ சீப்பு கொடுத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு சீவிக்கிட்டிருந்தவர் அப்படியே சீப்போடு நின்னுட்டார். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில்தானே நம்ம மாதிரிப் படங்கள் மாட்டியிருக்கும், அதில் நடுவில் நீ, கோட்டு போட்டு, முடியை இடது பக்கம் வகிடெடுத்து. இது யாருன்னு கேட்டார். உங்கப்பாவுக்குத்தான் உன் பேச்சை யாராவது எடுத்தா போதுமே, நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு என் பொண்ணுதான் சார், வெளிநாட்டில் பெரிய வேலை, ஒரே பொண்ணுன்னு ஆரம்பிச்சு உன் கம்பெனி வரைக்கும் சொல்லி முடிச்சுட்டார். அந்த ஆள் உன் படத்தைப் போனில் ஒரு படம் பிடிச்சார், சீப்பைக் கண்ணாடிகிட்ட வச்சார், தன்னைப் படம் எடுத்துக்காமலேயே போயிட்டார். பாவம் அவசரம் போலன்னு நினைச்சேன், எனக்கு எங்கே புத்தி இருந்துச்சு.

அடுத்த நாள் அவரும் இன்னொருத்தரும் வந்தாங்க. ஒரு தவணைக் கம்பெனி வசூல்காரங்களாம். உங்க பொண்ணு எங்ககிட்ட ஸ்கூட்டர் எடுத்திருக்கா, ஃபிரிட்ஜ் எடுத்திருக்கா, அதுக்கு மேல ரொக்கமாவும் கடன் வாங்கியிருக்கா, நாலு மாசமா ஒரு பைசா கட்டலை, ஆளைத் தேடிக்கிட்டே இருந்தோம், நல்ல வேளை நீங்களே சுவரில் மாட்டி வச்சிருக்கீங்கன்னு சொல்லி ஒரு சிரிப்பு வேற. வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் அம்மாக்களும் போட்டோவுக்கு நிக்கிறாங்க. அப்பா கத்தின கத்தல் எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவங்க பையிலிருந்து உன் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாங்க. உன் பேரு, உன் பிறந்த தேதி, நம்ம பழைய வீட்டு விலாசம். மூலையில் உன் படம். கண்ணு, உன்னைப் பெத்தவ நான், ஆயிரம் தடவை உன் முகத்தை வெட்டி ஒட்டினவ, நானே அது நீதான்னு நினைச்சேன். அந்தக் கோட்டு, அந்த வகிடு, அந்த மோவாய் இறக்கம் எல்லாம் உன்னோடது.

அப்பா உன்கிட்ட நேராக் கேட்கத் தைரியம் இல்லாம கடை கம்ப்யூட்டரில் உனக்கு மெயில் போட்டார். ஒரு மணி நேரத்தில் உன் விலாசத்திலிருந்தே பதில் வந்துச்சு. ஆமாம்பா நான்தான் வாங்கினேன், ஒரு தோழிக்காக, போனில் கேட்காதீங்க எனக்கு அவமானமா இருக்கு, இப்போதைக்கு ஒரு தவணை கட்டிடுங்க, அம்மாகிட்ட இதைப் பத்திப் பேச வேண்டாம்னு. அவர் என்கிட்ட காட்டினார், காட்டாம இருக்க அவருக்குத் தெரியாதே. மறுநாள் போய் உன் பேரில் ஒரு தவணை கட்டி ரசீது வாங்கிட்டு வந்தார். அதுக்கப்புறம் நீ தினமும் போன் பண்ணே, நாங்களும் ஒண்ணும் நடக்காத மாதிரிப் பேசினோம். ஏம்மா சுரத்தே இல்லாம பேசறேன்னு ஒரு நாள் கேட்டியே, நான்கூட வெடுக்குன்னு வேலை இருக்குடின்னு வச்சுட்டேனே, அது இதனாலதான். என் பிள்ளை இப்படிப் பண்ணிட்டாளேன்னு உன்மேல எனக்கு அத்தனை கோபம்.

போட்டோவுக்கு வர்றவங்களுக்கு மாட்டி விடற நம்ம ஸ்டூடியோ கோட்டுக்குத்தான் நன்றி சொல்லணும். போன வாரம் ஒரு காலேஜ் பையனுக்குக் கோட்டு மாட்டி விடும்போது இரண்டாவது பட்டன் கையில் பட்டுச்சு. அது பழுப்புப் பட்டன். நீ போய் ஒரு வருஷம் கழிச்சு கறுப்புப் பட்டன் அறுந்து விழுந்து, அதே மாதிரி கிடைக்காம நான்தான் பழுப்பை வச்சுத் தைச்சேன். படத்தில் யார் பார்க்கப் போறாங்கன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, அந்தப் பையனை அப்படியே ஸ்டூலில் உட்கார வச்சுட்டு வசூல்காரங்க கொடுத்துட்டுப் போன விண்ணப்பத்தோட கலர் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பழுப்புப் பட்டன். அப்போ அது நீ இல்லை! நான் போட்ட சத்தத்தில் அப்பா இருட்டறையிலிருந்து முட்டிவலியை மறந்து ஓடி வந்தார். ரெண்டு பேரும் அழுதோம், சிரிச்சோம், அந்தப் பையன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் அப்பா மெதுவாக் கேட்டார், நீ இல்லைன்னா, அது நம்ம கோட்டு, நம்ம ஸ்டூலு, நம்ம லைட்டு, அப்போ எடுத்தது யாருன்னு. எடுத்தது நான்தான்.

சிட்டுன்னு ஒரு பொண்ணைப் பத்தி உன்கிட்ட போனில் சொல்லியிருக்கேனே, குருவி மாதிரித் தத்தித் தத்தி வருவா, அதனால அப்பா அவளுக்கு அந்தப் பேரு வச்சார்னு. அவதான், முகத்தில் உன் சாயலும் கொஞ்சம் உண்டு. முதல்நாள் வந்தப்போ உன் படத்தையே பார்த்துக்கிட்டு நின்னா, என்னையும் இந்த அக்கா மாதிரியே எடுங்கம்மான்னு கேட்டா. எனக்கு அப்படியே உருகிப் போச்சு. நானே வகிடெடுத்துச் சீவி விட்டேன், கோட்டு மாட்டினேன், மோவாயைத் தொட்டு இறக்கி விட்டேன். அப்புறம் அடிக்கடி வருவா, ஷட்டரை இழுத்து மூட உதவி பண்ணுவா, காபி குடிப்பா, உன்னைப் பத்திக் கேட்பா. கேட்டா நான் விடுவேனா? நீ பிறந்த நாளிலிருந்து நேத்து நீ என்ன சாப்பிட்டே வரைக்கும் சொல்லியிருக்கேன். உன் சர்டிபிகேட்டு ஃபைலைக்கூட தூசி தட்டி வைக்கறேன்னு அவதான் எடுத்தா. என் போனில் வீடியோவில் பேசறதையெல்லாம் வச்சுக் கொடுத்ததும் அவதான். இத்தனைக்கும் அவ பேரு என்ன, எங்கே இருக்கான்னு ரெண்டு பேருமே கேட்கலை. பில்லில்கூட சிட்டுன்னுதான் எழுதியிருக்கேன். நாலு மாசத்துக்கு முன்னாடி வர்றதை நிறுத்திட்டா, நான் அதுக்கும் உடம்பு சரியில்லையோன்னு கவலைப்பட்டேன் பாரு.

தவணைக் கம்பெனியில் போய் பட்டன் விஷயத்தைச் சொன்னோம். அந்த மேனேஜர் பட்டனெல்லாம் நாங்க பார்க்கறதில்லைம்மா, முகத்தைத்தான் பார்க்கறோம், முகத்தை உங்க வீட்டுக்காரரே தன் வாயால என் பொண்ணுதான்னு சொல்லியாச்சு, தவணையும் கட்டியாச்சு, ரசீது உங்க கையிலேயே இருக்குன்னு முடிச்சுட்டார். எங்களுக்குத் தெரிஞ்ச வக்கீலம்மா ஒருத்தங்க, அப்பா எடுத்த கல்யாண ஆல்பம் அவங்க வீட்டில் இருக்கு, அவங்க தலையில் அடிச்சுக்கிட்டாங்க, கட்டாத வரைக்கும் அது யாரோ ஒருத்தி கடன், கட்டினதும் குடும்பமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சேன்னு. அவங்க சொன்னபடி ஸ்டேஷனில் சிட்டுமேல ஒரு புகார் எழுதிக் கொடுத்தோம். அப்பா அன்னையிலிருந்து சரியா சாப்பிடறதில்லை. உன் படத்தைச் சுவரிலிருந்து கழட்டினார். கழட்டின இடம் மட்டும் வெள்ளையா, கட்டமா இருக்கு. வர்றவங்க எல்லாம் அதைத்தான் பார்க்கறாங்க.

ஃபிரிட்ஜைக் கொண்டு போய் இறக்கின விலாசத்தை வக்கீலம்மா வாங்கிக் கொடுத்தாங்க. நானும் அப்பாவும் போனோம். மாடிப் போர்ஷன், பூட்டியிருந்துச்சு. கீழே வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து வாங்கம்மா, பொண்ணு காலி பண்ணிட்டுப் போனப்புறம் வந்திருக்கீங்களே, உங்களைத்தான் எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பான்னு சொன்னாங்க. எனக்கு அவங்களைத் தெரியாது கண்ணு. அவங்களுக்கு எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சிருக்கு. மேலே ஆணியில் விட்டுட்டுப் போயிட்டான்னு பிரேம் போட்ட ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாங்க. நானும் அப்பாவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கோம், நடுவில் பின்னாடி சிட்டு, என் தோளில் ஒரு கை, அப்பா தோளில் ஒரு கை. ஒரே ஒரு தடவை உங்களோட நின்னுக்கறேன்மான்னு கேட்டாளேன்னு எடுத்துக் கொடுத்த படம். அதில் நான் எவ்வளவு சந்தோஷமா இருக்கேன் தெரியுமா. அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவரவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை, வக்கீலம்மாகிட்டயே கொடுத்துட்டேன்.

இனி சொல்லப் போறதுதான் முக்கியம். நேத்து போன் வந்துச்சு, தெரியாத நம்பர். அம்மான்னு ஒரு குரல். நான் என்ன ஏதுன்னு யோசிக்கறதுக்குள்ளே என் வாய் சாப்பிட்டியாடின்னு கேட்டுடுச்சு. சாப்பிட்டேன்மான்னா. அதுக்கப்புறம்தான் அது நீ இல்லைன்னு உறைச்சுது. அவ கோபப்படலை, கெஞ்சவும் இல்லை, ரொம்ப அன்பாத்தான் பேசினா. ஸ்டேஷனில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிடுங்கம்மா, என்னை உங்க பொண்ணுன்னே இருக்க விடுங்க, மீதியை நான் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடுவேன், யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்டா. வைக்கறதுக்கு முன்னாடி, அக்கா அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி சாயங்காலம்தானே வந்து இறங்கறாங்க, வசூல்காரங்களுக்கும் அந்தத் தேதிதான் வேணும், நான் இன்னும் சொல்லலைன்னு சொல்லிட்டு வச்சுட்டா. நீ வர்ற தேதி எனக்கும் அப்பாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. டிக்கெட்டை நீ மெயிலில்தானே அனுப்பினே. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்னிக்கு நம்ம கடை கம்ப்யூட்டரில் திறந்த உன் மெயிலை நாம மூடவே இல்லையாம், அதிலிருந்து அவ தன் போனுக்கும் அதைக் கொண்டு போயிருப்பாளாம், வக்கீலம்மா சொன்னாங்க. அப்பாவுக்கு உன் பேரில் பதில் எழுதிட்டு, நீ பார்க்கறதுக்குள்ளே ரெண்டையும் அழிச்சதும் அவதான். நீ எங்களுக்கு எழுதற ஒவ்வொண்ணையும் எங்களுக்கு முன்னாடி அவ படிச்சுக்கிட்டிருக்கா.

அதனால நீ உடனே வேற ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மெயில் பாஸ்வேர்டை மாத்து, உன் பிறந்த தேதியை வைக்காதே. கடன் விவரம் வச்சிருக்கிற ஆபீஸுக்கு இந்தக் கடனெல்லாம் என்னுது இல்லை, என் பேரில் இனிமேல் யாருக்கும் கொடுக்காதீங்கன்னு எழுதிப் போடு. கடன் வாங்கின நாளெல்லாம் நீ அங்கே வேலையில்தான் இருந்தேன்னு உன் ஆபீஸில் ஒரு கடிதம் வாங்கு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தின பக்கங்களையும் நகல் எடுத்து, எல்லாத்தையும் வக்கீலம்மா விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு. விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கேன். என் போனுக்குப் பேசாதே, அவ கை பட்ட போன் அது, அதில் என்ன பண்ணி வச்சிருக்காளோ, புது நம்பர் வாங்கினதும் நானே எழுதறேன். அப்புறம் அந்த டிக்கெட்டை ரத்து பண்ணிடு. ஸ்டேஷனில் தவணைக் கம்பெனி உன்மேல கொடுத்த புகாரும் ஒண்ணு இருக்கு, வந்து இறங்கினா கேள்வி கேட்கறது உன்னைத்தான், முகமும் பேரும் தேதியும் உன்னோடதுதானே. மூணு வருஷமா எப்போடி வருவே எப்போடி வருவேன்னு உன்னை அரிச்சவ நான். உன் ரூமுக்குப் புது மெத்தை போட்டு உறைகூட மாட்டி வச்சிருக்கேன். இப்போ நானே சொல்றேன், வராதே. என் கையால எழுதிக் கூப்பிடற வரைக்கும் வராதே.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் பேருக்கு ஒரு கீறல் விழக் கூடாது, அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னார். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கதவைப் பூட்டினியான்னு ரெண்டு தடவை பார்த்துக்கோ. பதிலை உன் கையாலேயே எழுது, படம் எதுவும் வைக்காதே. சின்ன வயசில் காய்ச்சல் வந்தா மட்டும் என்னை ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவியே, உலகத்தில் அவகிட்ட நான் சொல்லாம விட்டது அது ஒண்ணுதான், வெட்கமா இருந்துச்சுன்னு சொல்லலை. இங்கேயும் எழுத மாட்டேன். உன் கடிதத்தை அந்தப் பேரில் ஆரம்பி. அம்மான்னு ஆரம்பிச்சா, அது நீ எழுதினதுன்னு நான் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
அந்தப் பேருக்காகக் காத்திருக்கிறவ