தூக்க எத்தனை பேர்

ஜூன் 3, திங்கள்

அவசரத் திட்ட ஃபைல் மறுபடியும் என் மேஜைக்கே வந்துவிட்டது. மூன்று வருடமாக இதே கதை. யாரிடம் தள்ளினாலும் சுற்றிச் சுற்றி என் தலையில்தான் விழுகிறது. நகர அலுவலகத்தில் எனக்கு வேறு வேலையே இல்லை என்று எல்லாருக்கும் நினைப்பு.

முதல் பக்கத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் எண்கள். அதில் இரண்டு பேர் செத்தே போய்விட்டார்கள். ஒருவர் ரிட்டயராகி மகள் வீட்டோடு போய்விட்டார். குளோரின் கசிந்தால் இவர்களைத்தான் கூப்பிட வேண்டுமாம். நல்ல திட்டம்!

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு பெரிய குளோரின் சிலிண்டர்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே, பள்ளத்தில், நாலு தெரு. மூன்றாவது தெருவில், தரைத்தளத்தில், என் வீடு.

ஜூன் 5, புதன்

கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கூட்டம். பதினெட்டு பேருக்கு அழைப்பு அனுப்பினேன், ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் டீ குடித்ததும் கிளம்பிவிட்டார்கள்.

அபாயச் சங்கு ஊதியதும் அலுவலகத்து அவசர போனில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அது நான். எனக்கு ஒன்றென்றால் மாற்று யார் என்று கேட்டேன். எங்கள் அதிகாரி, "பார்ப்போம் மேடம், நாளைக்குப் பேசலாம்" என்றார். அவருக்கு ஆபீஸில் 'நாளைக்கு சார்' என்றுதான் பெயர். சும்மா வைக்கவில்லை.

ஒரே ஒரு உருப்படியான காரியம் நடந்தது. தெருத் தொண்டர்களுக்கு வெல்டர் தம்பி பொறுப்பேற்றுக்கொண்டார். நாற்பது வயது, வாட்டசாட்டமான மனிதர், பேச்சு குறைவு. "யார் யாரைத் தூக்கணும்னு மட்டும் எழுதிக் குடுங்கக்கா. மத்தத நாங்க பார்த்துக்கறோம்" என்றார். குளோரின் கனமான வாயு. தரையோடு ஊரும், பள்ளத்தில் தேங்கும். அதனால் ஓடக் கூடாது, மாடிக்கு ஏற வேண்டும். ஏற முடியாதவர்களைத்தான் தூக்க வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கி, பட்டியல் முடிந்தது. நாலு கட்டம்: பெயர், வீடு, காரணம், தூக்க எத்தனை பேர். இருபத்துமூன்று பெயர் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஒரு பெயர் பாக்கி. அது என் வீட்டில்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குத் தடியூன்றிப் போவார். மாடிப்படி பதினாறு. ஒன்றுகூட ஏற மாட்டார்.

சாப்பாடு போடும்போது மெதுவாகச் சொன்னேன், உங்க பேரையும் எழுதிடறேங்க என்று. தட்டைத் தள்ளிவிட்டார்.

"இருபத்தாறு வருஷம் அந்த சிலிண்டர்ல வாஷர் மாத்தினவன் நான். என்னை மூட்டைக் கணக்குல சேர்க்கறியா?"

"எல்லாரையும்தாங்க எழுதறேன்."

"எத்தனை பேர்னு போடுவ? நாலா? நாலு பேர் தூக்கறது ஒரே ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

எழுதவில்லை. அவர் ரோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும் — எனக்கே கை வரவில்லை என்பதுதான் நிஜம். அந்தப் பட்டியல் கூட்டத்தில் படிக்கப்படும், சுவரில் ஒட்டப்படும். இந்தத் தெருவில் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மனிதர் அவர்.

பட்டியலை அப்படியே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். இருபத்துமூன்று.

ஜூன் 22, சனி

பேசவில்லை, அவரும் நானும். பேப்பர் ஓரத்தில் இடது கையால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல, எழுதிப் பழகறேன்" என்கிறார். இத்தனை நாள் டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொன்னபோது பழகவில்லை.

ஜூலை 6, சனி

ஒத்திகை. சங்கு ஊதியது, நாய்கள் குரைத்தன, ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசி வீட்டுப் பெரியவர், "என்னைத் தொட்டா பாரு" என்று வெல்டரின் ஆட்களைத் தடியோடு விரட்டியிருக்கிறார். அவருக்குப் பதில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி மாடியில் வைத்தார்களாம்.

நான் போனில் உட்கார்ந்திருந்தேன். இரண்டே அழைப்பு. ஒன்று ராங் நம்பர். இன்னொன்று, தண்ணி எப்ப வரும் என்று.

எங்கள் மாடி வீட்டு டீச்சர் சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார். "லீவு நாள்ல தூங்க விட மாட்டீங்களா? உங்க ஆளுங்க எங்க மாடிப்படிய அளந்துட்டு வேற போறாங்க." எங்கள் படியை எதற்கு அளக்கிறார்கள்? எல்லா வீட்டையும் அளப்பார்களாயிருக்கும். கேட்கத் தெம்பில்லை.

ஜூலை 18, வியாழன்

போனுக்கு மாற்று ஆள் கேட்டு மூன்றாவது கடிதம். நாளைக்கு சார் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கே வைத்தாரோ.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

காலை 10.40. நிலையத்திலிருந்து ஷிப்ட் ஆப்பரேட்டர். "மேடம், லீக். நிஜமாவே லீக்." சங்கு போட்டேன். தீயணைப்புக்குச் சொன்னேன். பிறகு அழைப்புகள் வரிசையாக. ஜன்னலைச் சாத்துங்க, மாடிக்குப் போங்க, பள்ளத்து ரோட்டுல மட்டும் இறங்காதீங்க — இதையே பதினான்கு தடவை சொன்னேன். ஒழுங்காகத்தான் சொன்னேன்.

நடுவில் ஒரு நிமிடம் போன் சும்மா இருந்தது. என் செல்போனில் வீட்டுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எதிர்ச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்றாவது தெருவில் ஐந்து பெயர். என் வீடு இல்லை. யாரும் போக மாட்டார்கள். போகாதபடி செய்தது நான்.

எழுந்துவிட்டேன். யோசித்தேனா? இல்லை.

காற்று வரும் பக்கமாக, மேட்டுக் கரை ரோட்டில் ஓடினேன். ஈரத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு. தெருமுனையில் ப்ளீச்சிங் பவுடர் நெடி, கண் எரிச்சல். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. தடி சுவரில் சாய்ந்திருந்தது. அவர் போன் தலையணை மேல் கிடந்து, என் அழைப்பு மூன்று என்று காட்டியது. ஐயோ என்று கத்தினேன்.

"மேல வா! கதவைச் சாத்திட்டு வா!"

டீச்சர் வீட்டு ஹாலில், இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ராஜா மாதிரி. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைக்க டீச்சரை அதிகாரம் பண்ணிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நீ ஏன் இங்க வந்த? போன் யார்கிட்ட இருக்கு?"

வந்த வழியே ஓடினேன். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி 11.31. எழுந்தது 11.09. இருபத்திரண்டு நிமிடம். எடுக்காத அழைப்பு ஆறு.

பன்னிரண்டுக்குள் வால்வை அடைத்துவிட்டார்கள். ராத்திரி இவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த சிலிண்டர்?" நான் கேட்டதும் ஒன்றுதான், எப்படி மேலே போனீங்க என்று. "வந்தாங்க, தூக்கினாங்க" என்றார். வெல்டர் தம்பிக்கு நம் வீடு தெரியும், பாவம், ஞாபகம் வைத்து வந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அந்த ஆறில் மூன்று அழைப்பு ஒரே நம்பர். இரண்டாவது தெரு பேக்கரிக்காரர். யாரும் எடுக்காததால் மனைவியையும் குழந்தையையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பள்ளத்து ரோட்டில் இறங்கிவிட்டார். மூன்று பேரும் ஆஸ்பத்திரியில். குழந்தைக்கு ஐந்து வயது. ஆக்சிஜன்.

ஆகஸ்ட் 10, சனி

போய்ப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, மூக்கில் குழாய். பேக்கரிக்காரர் மனைவி இருமிக்கொண்டே சொன்னாள்: "மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. யாரும் எடுக்கல. எங்கள மறந்துட்டாங்கன்னு நெனச்சோம்."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்தேன். சீ.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. பேக்கரிக் கதவு இன்னும் பூட்டியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அழுதேன், நன்றாக.

ஆகஸ்ட் 19, திங்கள்

விசாரணைக் குழுவுக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். நாளைக்கு சார் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த நேரத்துல லைன் பிஸின்னு எழுதிடுங்க மேடம். யார் வந்து பார்க்கப் போறா?"

மூன்று கடிதத்துக்கு வாய் திறக்காத மனிதர், என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார். என்னையா, தன்னையா? ஆனாலும் எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப ஆசையாக இருந்தது. இன்னும் நாலு வருடம் சர்வீஸ் இருக்கிறது. வீட்டில் மருந்து மாத்திரை என் சம்பளத்தில்தான்.

வீட்டில் சொன்னேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ எழுதறத எழுது. ஆனா லைன் பிஸின்னு எழுதினா அந்தக் கொழந்தையோட இருமல் நின்னுடாது" என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். '11.09 முதல் 11.31 வரை அவசர போனில் ஆள் இல்லை. விட்டுப் போனது நான். காரணம், என் வீட்டில் நடக்க முடியாதவர் ஒருவர் இருந்தும் அவர் பெயரைப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை.' மூன்று கடிதத்தின் நகலையும் இணைத்தேன். அதை விட்டுக்கொடுக்க நான் ஒன்றும் மகான் இல்லை.

அப்படியே பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும்.

செப்டம்பர் 4, புதன்

மெமோ வந்தது. எதிர்பார்த்ததுதான். ஒரு வருட ஊதிய உயர்வு கிடையாது. கூடவே இன்னொரு உத்தரவு: அவசர போனில் இனி எப்போதும் இரண்டு பேர். ஃபைல் என்னிடமே இருக்கட்டுமாம். வேறு யார் வாங்கிக்கொள்வார்கள்?

புதுப் பட்டியல் தட்டச்சு செய்ய வேண்டும். வெல்டர் தம்பியிடமிருந்த பிரதியை வாங்கி வந்தேன். எண்ணெய்க் கறை, மடிப்பு மடிப்பாகக் கிழிசல். மூன்றாவது தெருப் பக்கத்தில், நான் அடித்த ஐந்து பெயருக்குக் கீழே, பென்சிலில் ஒரு வரி இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல, கோணல் மாணலான எழுத்து. இவர் பெயர். எங்கள் வீட்டு எண். ஓரத்தில் ஜூன் 25.

காரணம்: 'மனைவி போனில் இருப்பாள்.'

தூக்க எத்தனை பேர்: 'இரண்டு. நாலு வேண்டாம்.'

வெல்டருக்கு போன் போட்டேன். "அண்ணன்தான்கா கூப்பிட்டு, பேப்பரை வாங்கி எழுதினாரு. முக்கால் மணி நேரம் ஆச்சு. அக்காகிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றார்.

அப்படியே தட்டச்சு செய்தேன். காரணக் கட்டத்தில் கை ரொம்ப நேரம் நின்றுவிட்டது. மாற்றவில்லை. இனிமேலாவது அது உண்மையாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தேன். "ரெண்டு பேர் போதுமாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

டம்ளரை இடது கையால் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"எடை கொறஞ்சிருக்கேன். போதும்."