கண்மாய்க் கரையில் ரூபி கூப்பிட்டது

என் கிரேஸுக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம். சபை இதழில் போட உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார் போதகர். "பொறுமையே உருவானவர்" என்று தொடங்கிப் பார்த்தேன். உனக்கா, பொறுமையா? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் உன்னிடமே பேசிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. மில் ஆபீசில் அதே நாற்காலி, அதே மேனேஜர். நான் வைக்கிற ரசத்தை ரூபி குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை. அதற்குப் பிறகு 'அம்மா' என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. "அவங்க சேலை", "அவங்க தட்டு" என்பாள். பத்தாவது படிக்கிற பெண் பெற்றவளை யாரோ விருந்தாளியைப் போலச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அதட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா? இரண்டுமே எனக்குச் சரியாக வராது. உனக்குத்தான் தெரியுமே.

இந்த நிலையில்தான் சபையில் வாலிபர் நடைக்கு ஏற்பாடு ஆயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில் நம் சபையின் முதல் குடும்பங்கள் கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து பிழைக்க வந்தன அல்லவா, மாடுகள் செத்துப்போய், வண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு? அதே வழியில் மதுரை வரை பிள்ளைகள் மூன்று நாள் நடக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கண்டாங்கிச் சேலை, பையன்களுக்கு வேட்டி. கீழமாசி வீதியில் மூட்டை ஏற்றுகிற கைவண்டிகளை இரவல் வாங்கி, அரிசியும் பாத்திரமும் ஏற்றினார்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு குடும்பம். அதற்குப் பெரியவர்களில் ஓர் அப்பா, ஓர் அம்மா. பெற்றோரும் வரலாம், ஆனால் சொந்தப் பிள்ளையின் வண்டியில் சேரக்கூடாது. நடை முடியும்வரை பிள்ளைகள் வண்டிக்குரியவர்களைத்தான் அப்பா, அம்மா என்று கூப்பிட வேண்டும்.

ரூபி என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். ஒல்லிப்பிள்ளை, வெயில் தாங்குவாளா? நானும் பெயர் கொடுத்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஊர்வலமா என்று நீ கேட்டிருப்பாய்.

அவள் வண்டிக்கு அம்மாவாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? மார்த்தாவை. ஆமாம், அதே மார்த்தாதான். பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றுகொண்டு வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி பாடுகிறாள் என்று நீ மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாயே, அவளேதான். ஊரில் வேறு ஆளா இல்லை?

முதல் நாள் ரூபி அவளை "ஆன்ட்டி" என்றாள். கூட வந்த பெண்கள், "அம்மான்னுதான் கூப்பிடணும்டி" என்று நச்சரித்தார்கள். மார்த்தா சட்டியைக் கிண்டிக்கொண்டே, "விடுங்கடி. அவளுக்குத் தோணுறப்பக் கூப்பிடட்டும். தோணலைன்னாலும் சோறு உண்டு" என்றாள். பக்கத்தில் நிறுத்தியிருந்த என் வண்டியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு நிம்மதிதான். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி நாள் கீழக்குயில்குடி கண்மாய்க் கரைக்கு வந்தோம். பஞ்சத்தில் வந்தவர்கள் இந்த இடத்துக்கு வருமுன்பே ஆண்களில் பலரை வாந்திபேதி கொண்டுபோய்விட்டதாம். மிஞ்சிய பெண்கள்தான் வண்டிகளைக் கரையேற்றினார்களாம். அதன் நினைவாக அங்கே ஒரு சடங்குமுறை வைத்திருந்தார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இருபுறமும் பேசாமல் நிற்க வேண்டும். வண்டியைத் தொடக்கூடாது.

ரூபியின் வண்டி பாதிச் சரிவில் நின்றுவிட்டது. முந்தின நாள் தூறலில் மண் குழைந்திருந்தது. சக்கரம் பின்னால் நழுவியது. முன்கட்டையைப் பிடித்திருந்த ரூபியின் கால் சறுக்கி, ஒரு முழங்கால் தரையில் ஊன்றிவிட்டது. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து, "அண்ணே, தொடக்கூடாதுண்ணே" என்றார். முறையாவது மண்ணாவது என்று கையை உதறினேன்.

அதற்குள் ரூபி கத்தினாள். "அம்மா! சக்கரத்தைப் பிடிங்கம்மா!"

மார்த்தா சேலையை வரிந்துகொண்டு சக்கரத்துக்குத் தோள் கொடுத்தாள். "பிடிச்சுட்டேன்டி தங்கம். நீ இழு. அம்மா இருக்கேன், இழு!"

வண்டி ஏறிவிட்டது. சுற்றி நின்ற ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, கிரேஸ். ஒரு வருஷமாக அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தேன். வந்தது, அதுவும் அவளுக்கு. பிள்ளைக்கு அடிபடவில்லையே என்ற நினைப்புக்கூட அப்புறம்தான் வந்தது.

காளவாசலில் நடை முடிந்து ஜெபம் ஆனதும் நேரே மார்த்தாவிடம் போனேன். "எல்லாம் முடிஞ்சுருச்சுல்ல. இனி அவ எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். "யாருண்ணே இல்லைன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பஸ்ஸில் ரூபி தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏம்ப்பா அவங்களை அப்படிப் பேசுனீங்க?"

"உனக்கு ஒரு அம்மாதான் ரூபி."

"எனக்குத் தெரியாதாப்பா? அம்மான்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு. சொன்னா அழுதுருவேனோன்னு பயமா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகலை. ஞாயித்துக்கெழமை அவங்க வீட்டுக்குப் போகவா? அங்கயும் அப்படித்தான் கூப்பிடுவேன்."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். அந்த வாரம் முழுக்க ஆபீசில் கணக்குத் தப்புத் தப்பாக வந்தது. வேண்டாம் என்றால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாளோ? சரி என்றால், உனக்கென்று இருந்த ஒரே சொல்லையும் நானே தூக்கிக் கொடுத்ததாக ஆகாதா? உன் படத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன். நீ வழக்கம்போல் என் நரைமுடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "போய்ட்டு வா" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, பிள்ளையை ஒன்றும் சொல்லாதே.

சாயங்காலம் தூக்குச்சட்டியில் மீன்குழம்போடு வந்தாள். உன் கைப்பக்குவம் இல்லை. புளி தூக்கல். இருந்தாலும் இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டோம். எச்சில் கையோடு உட்கார்ந்திருந்த ரூபி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா, நம்ம அம்மாவுக்குக் கடைசில ரொம்ப வலிச்சுச்சா?"

ஒரு வருஷமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டா இருந்தாள்? தூக்கத்தில் போனாய் என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். அதையே சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை.

"வலிச்சுச்சும்மா" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அம்மா, அம்மா என்று தெருவுக்குக் கேட்க அழுதாள். நானும்.

மார்த்தா மேல் எரிச்சல் இன்னும் போகவில்லை. போகும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இதற்கு வாக்குக் கொடுக்கிறேன்: ரூபி உன்னைப் பற்றி எதைக் கேட்டாலும், எப்போது கேட்டாலும், மழுப்பாமல் சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
ரூபியின் அப்பா