அவள் கையில் உன் குரல்

அன்பு மகள் ருமேனாவுக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. நானும் அப்பாவும் நலம். லியூப்லியானாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகப் படிப்பாய் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஊரே உனக்குச் சொல்லியிருக்கும், ஆனாலும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் ஊர் திராய்கோவின் வைக்கோல் போர் எரிந்ததும், அக்கரை அல்பேனியப் பையன்கள் ஓடுகிற படம் ஒன்று எல்லார் போனிலும் வந்தது. "அவனுங்கதான் வெச்சிட்டு ஓடுறானுங்க" என்று நம் ஆட்கள் வேட்டைத் துப்பாக்கியோடு பாலத்துக்குக் கிளம்பினார்கள், உன் அப்பாவும்தான். பின்னாலேயே நானும் ஓடினேன். பார்த்தால், எதிரே தனியாக அக்கரை ஹைரியே வருகிறாள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்தப் படம் போன வருஷம் பந்தாட்டம் ஜெயித்துப் பையன்கள் ஓடிவந்தபோது எடுத்ததாம், எடுத்தவள் அவள் மகள் தெயுதாவாம், உன் அறையில் கூடவே இருப்பவள். "உங்க ருமேனாதான் பேசுறா, கேளுங்க" என்கிறாள். என் மகள் குரல் அவள் கையிலிருந்து வருகிறது! பெற்றவள் நான் இங்கே இருக்க, நீ கூப்பிட்டது அவளையா? எனக்கு வயிறு எரிந்தது. துப்பாக்கிகளுக்கு நடுவே நுழைந்து போய் அந்தப் போனைப் பிடுங்கினேன். "இது எம் பொண்ணு, நான் சொல்றேன் கேளுங்கய்யா, படம் பொய்" என்று கத்தினேன். அவளும் நகரவில்லை, நானும் நகரவில்லை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். முதலில் துப்பாக்கியைத் தாழ்த்தியது உன் அப்பா. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் தானாகவே சூடேறிப் பற்றிக்கொண்டது என்று மறுநாள் திராய்கோவே ஒப்புக்கொண்டான்.

இப்போது இரண்டு கரையிலும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். நான் சமாதானத்துக்காக ஒன்றும் போகவில்லை மகளே, பொறாமையில் போனேன். ஹைரியே இன்னும் "நம்ம ருமேனா" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறாள், எனக்குக் காது கூசுகிறது. ஏன் அவளைக் கூப்பிட்டாய் என்று அன்றைக்குப் போனில் நான் அழுதபோது நீ சொன்னாயே, "உன்னைக் கூப்பிட்டிருந்தா அப்பாவை மட்டும் உள்ள வெச்சுப் பூட்டியிருப்பம்மா, மத்தவங்க போயிருப்பாங்க" என்று. நாலு நாளாக யோசிக்கிறேன், ஆமாம், பூட்டித்தான் இருப்பேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். சுட்ட மிளகாய்த் தொக்கு இரண்டு ஜாடி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று தெயுதாவுக்கு. கொஞ்சம் சின்ன ஜாடிதான்.

உன்னைப் பெற்றவள்,
ஸ்தோய்னா