படையலில் ஒரு கிண்ணம் ஐஸ்

அத்தான்,

ஐஸ் சீவும் இயந்திரம் கரகரவென்று சுற்றத் தொடங்கினால் போதும், நீங்கள் நினைவுக்கு வந்துவிடுகிறீர்கள். இன்றும் அப்படித்தான். யூனியன்வில்லில் அதே கடை, சன்னலோரத்தில் அதே மேசை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் தார் இளகும் வெயில். ஜப்பான்காரப் பெண் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, கண்ணாடி மாதிரித் தெளிந்த பனிக்கட்டியிலிருந்து, மா அரிக்கும்போது விழுவதுபோல, சீவல் வெள்ளையாய் விழுந்து கிண்ணத்தில் குவிகிறது. உங்கள் கதிரையில் அக்கா இருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருப்பவள் மாதிரி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வாயூறுகிறது. இதை உங்களுக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது, உங்கள் மனைவி எதிரில் இருக்கிறாள், எனக்கு இன்னும் வாயூறுகிறது.

காகிகோரி என்பது இதன் பெயர். கடைசிவரை உங்கள் வாய்க்குள் அது நுழையவில்லை. முதல் நாள் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வரும்போது இந்தக் கடைக்குள் நுழைந்தோம். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், வெயில் கூசுகிறது என்று நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நிழலாகத் தெரிந்த முதல் கதவைத் திறந்தேன். அவ்வளவுதான், வேறு திட்டம் ஒன்றும் இல்லை. கொண்டுவந்து வைத்ததை உங்களுக்கு வடிவாய்ப் பார்க்கவும் முடியவில்லை. "என்னடா தம்பி, முன்னாலை ஒரு வெள்ளை மலை தெரியுது?" என்றீர்கள். பச்சைத் தேயிலைப் பாகு, மேலே கெட்டியான இனிப்பு ரின்பால், அடியில் சீனியில் அவித்த சிவப்புப் பயறு. ஒரு கரண்டி வாயில் வைத்தீர்கள். பிறகு அந்த மங்கிய கண்களையும் மூடிக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து அதன் பெயர் மலை. ஒவ்வொரு கோடையிலும் சனிக்கிழமை பின்னேரம் நான் அஜக்ஸிலிருந்து வந்து மணியை அடிப்பேன். "மலை ஏறுவமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பீர்கள். அக்காவுக்கு நாங்கள் நடக்கப் போகிறோம் என்று பேர். நடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, அவளே உங்களுக்கு விலை கூடின வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தாள். வாசலில் நின்று குதிக்குள் விரலை விட்டு அளவு பார்த்தாள். அந்தச் சப்பாத்தோடு நாங்கள் நடந்த தூரம் காரிலிருந்து கடைக் கதவு வரைக்கும்தான்.

அக்காவை நான் குறை சொல்லவில்லை. காலில் வந்த புண் ஆறாமல் உங்கள் பெருவிரலை எடுக்கவேண்டி வரலாம் என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். விரல் தப்பியது. ஆனால் அன்றிலிருந்து அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கிறவளாகிவிட்டாள். குரக்கன் புட்டு, பாவற்காய்க் கறி, வல்லாரைச் சம்பல். சோறு வைத்தால் சிவப்பரிசி, அதுவும் ஒரு கை. நீங்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிப் போவீர்கள். நல்லது என்றும் சொல்வதில்லை, கைக்கிறது என்றும் சொல்வதில்லை.

கடையில் இருந்த மனிதர் வேறு. மலையின் உச்சியைத் தொடவே மாட்டீர்கள். கரண்டியின் பின்பக்கத்தால் சரிவை மெதுவாகத் தட்டி, பாகு உள்ளே இறங்கும்வரை பொறுத்திருந்து, பக்கவாட்டில்தான் தொடங்குவீர்கள். பிறகு கதை. என் தலையில் மயிர் போய்க்கொண்டிருப்பது, பிறம்ரன் வெயார்ஹவுஸில் என்னை மேய்த்த மேலாளர், உங்கள் கல்யாண வீட்டில் நான் பலகாரத் தட்டோடு விழுந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டீர்கள். அடியில் பயறு வந்ததும் அக்காவை வம்புக்கு இழுத்து, "கொக்கா பயறு சாப்பிடச் சொன்னவ. நான் சொல் கேக்கிறன் தானே?" என்று ஒரு முழுக் கரண்டி அள்ளுவீர்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்போம்.

ஒருநாள் எனக்கு மனம் குறுகுறுத்தது. "அக்காவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வருவமோ, அத்தான்?" என்று கேட்டேன். கரண்டியை வாயிலிருந்து எடுக்காமலே இல்லையென்று தலையாட்டினீர்கள்.

"வேண்டாமடா. கொக்கா வந்தா இதுவும் மருந்தாப் போயிடும்."

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், அத்தான். என் கூடப்பிறந்தவளைப் பற்றிச் சொன்னீர்கள், நான் மேசையில் தட்டிச் சிரித்தேன்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலையில், கட்டிலில் இருந்தபடியே நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை மலை ஏறியிருந்தோம். இதயம் என்றார் டாக்டர், அடைப்பு கனகாலமாக இருந்திருக்கிறது என்றார். சீனியாலோ என்று கேட்டேன். "எல்லாம் சேர்ந்துதான்," என்றார். அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் ஒரு கிண்ணம் ஐஸும் இருக்குமா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள். "நான் வடிவாய்த்தான் பாத்தனான். ஒரு சனிக்கிழமை தவறாமல் தம்பி நடக்கக் கூட்டிக்கொண்டு போறவன். அவனைப்போல ஆர் பாப்பினம்?" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "நல்ல பிள்ளை" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. வாசலில் மற்றவர்களின் அழுக்குச் சப்பாத்துகளுக்கு நடுவே உங்களுடையது இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.

ஆண்டுத் திவசம் இந்த ஆடியில் வந்தது. ஐயர் வந்து காரியம் முடித்துப் போனபின், படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் படைக்கவேண்டும். அக்கா விடியவே எழும்பிச் சமைத்தாளாம். "அவருக்கு விருப்பமானது ஒண்டும் விடாமல் செய்திருக்கிறன்," என்று முதல் நாள் இரவு தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரக்கன் புட்டு. பாவற்காய்க் கறி. வல்லாரைச் சம்பல்.

நான் தொலைபேசியை வைத்தேன். ஒரு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிற மனிதருக்குப் பாவற்காயா?

காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். கொண்டுபோகக் கொடுப்பதில்லை, உருகிவிடும் என்றாள் அந்தப் பெண். இறந்துபோனவருக்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் உள்ளே போய், மூடியுள்ள கிண்ணத்தில் அமுக்கமாய்க் குவித்து, சுற்றிவர ஐஸ் துண்டுகள் அடுக்கிய பெட்டியில் வைத்துத் தந்தாள். மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குகளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அக்கா இலையின் முன்னால் குந்தியிருந்து பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உது என்ன தம்பி?"

"ஐஸ், அக்கா. ஜப்பான்காரற்ரை."

"ஆருக்கு?"

"அத்தானுக்கு."

"அவருக்கோ? அவர் உதுகளை வாயிலையும் வைக்கமாட்டார்."

"வைக்கிறவர், அக்கா. நாங்கள் சனிக்கிழமையிலை நடக்கப் போறேல்லை. இதுக்குத்தான் போறனாங்கள்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நடக்கவே இல்லையோ?"

"இல்லை."

"சீனி போட்டதோ?"

"ஓம்."

இனி வாங்கிக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். என் மனம் அதைத்தான் கேட்டது. ஒரு வருடமாக அதற்காகவே காத்திருந்தவன்போல நின்றேன். அக்கா உங்கள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அவர் அங்கை கதைக்கிறவரோ?"

"ஓம் அக்கா. ஒரே கதை. ஒரே சிரிப்பு."

"எனக்கு முன்னாலை சாப்பிடேக்கை அவர் ஒரு கதை கதைச்சதில்லை. சீனி வருத்தத்திலை மனிசனுக்குக் கதையே போயிட்டுதாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு இலையில் இருந்த பாவற்காய்க் கறியை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் இடம் விட்டாள். "வை. உருகுது," என்றாள்.

நீங்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். திரும்பத் திறந்தபோது புட்டு புட்டாகவே இருந்தது, கறி கறியாகவே இருந்தது. ஐஸ் மட்டும் உருகி இறங்கி, பச்சைத் தண்ணீராய்ப் பயறை மூடிக்கொண்டு கிடந்தது. அக்கா அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள், பயறை விரலால் வழித்துத் தின்றாள். பிறகு, செத்த வீட்டில்கூட அழாத அளவுக்கு அழுதாள்.

அன்றுதான் எனக்கு உறைத்தது, அத்தான். சீனியைத்தான் நான் ஒளித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒளித்தது உங்களை. கதையையும் சிரிப்பையும் நான் வைத்துக்கொண்டு, இன்சுலின் ஊசியையும் பாவற்காயையும் அவளிடம் விட்டேன். அவள் உங்களைக் காப்பாற்றப் பாடுபட்டாள், நான் உங்களோடு சந்தோசமாக இருந்தேன். இது எந்த ஊர் நியாயம்? சீனிக்காக அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மற்றதை அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளே தொலைபேசி எடுத்தாள். "என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ." அப்படித்தான் இன்று இங்கே வந்திருக்கிறோம்.

கிண்ணம் வந்துவிட்டது. அக்கா உச்சியில் கரண்டியைக் குத்தப் போனாள். "அப்பிடியில்லை அக்கா, சரிஞ்சிடும்," என்று தடுத்தேன்.

"அவர் எப்பிடிச் சாப்பிடுறவர்?"

காட்டினேன். கரண்டியின் பின்பக்கத்தால் சரிவைத் தட்டுவது, பொறுப்பது, பக்கவாட்டில் தொடங்குவது. கண்ணை மூடுவதையும் காட்டினேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள். மூடிய கண்ணோடு உங்களைத் தேடுகிறாளோ, என்னவோ.

"ஏன் தம்பி எனக்கு ஒருநாளும் அவர் சொல்லேல்லை? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பன் தானே?"

நீங்கள் சொன்னது அப்படியே என் நாக்கு நுனியில் வந்து நின்றது. இதுவும் மருந்தாப் போயிடும்.

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான், அக்கா. வேறை ஒண்டுமில்லை."

அவள் மெல்லத் தலையாட்டினாள். முகம் இளகியது. "ஓம். அவர் அப்பிடித்தான். என்னைக் கவலைப்பட விடமாட்டார்," என்றாள். இனி இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவாள், எனக்குத் தெரியும்.

ஒளிக்கவேண்டாம் என்றுதான் கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் படையலில் வைத்தேன். இப்போது மறுபடி ஒன்றை ஒளித்துவிட்டேன். உங்களுடைய அந்த ஒரு வார்த்தையும், அதற்கு நான் மேசையில் தட்டிச் சிரித்ததும் இனி என்னோடுதான் இருக்கும். அக்கா உயிரோடு இருக்கும்வரை அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? சாப்பிடு, உருகுது," என்று அக்கா கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, அத்தான்.