வாஷ் பேசினைச் சரிசெய்த அன்று

திருநகர், மதுரை
31-1-1983

மரியே வாழ்க.

அன்பு மகள் ஆனிமேரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா துணையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த பிலாய்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. பிள்ளைக்குச் சளி விட்டதா, காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. இங்கே பகலில் வெயில் உறைக்க ஆரம்பித்துவிட்டது. பின்பக்கத்து முருங்கை பூத்துக் கொட்டுகிறது, காய்த்தால் ஒரு ஆளுக்கு எம்புட்டுச் சாம்பார் வைப்பது.

இந்தத் தடவை எழுத ஒரு சங்கதி இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா குளியலறையில் ஒரு வாஷ் பேசின் மாட்டினாரே, பொங்கலிலிருந்து அதில் தண்ணீர் இறங்கவில்லை. முகம் கழுவினால் அழுக்குத் தண்ணீர் அப்படியே தேங்கி நின்று வீடெல்லாம் சாக்கடை வாடை. பிளம்பர் சோணையிடம் சொன்னேன், "காலையில வாரேன் டீச்சர்" என்றவர் ஊரில் சாமி கும்பிடு என்று போனார், போனவர்தான். பேசினுக்கு அடியில் வளைந்து சுவருக்குள் போகிறதே பித்தளைக் குழாய், அந்த வளைவில்தான் அடைப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். மில்லில் பிட்டராக இருந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா, அவர் எதைக் கழற்றினாலும் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தானே. அவருடைய பெட்டியிலிருந்து நட்டுத் திருகும் பெரிய ரிஞ்சை எடுத்தேன், அவர் போய்ச்சேர்ந்தபின் எனக்கு டார்ச் பிடிக்க ஆளில்லை, ஸ்டூலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நட்டு பச்சை பூத்துப்போய் அசையவே இல்லை, தேங்காய் எண்ணெய் விட்டு ஊறப்போட்டுத் திருப்பினேன், கழன்று வந்தது, ஆனால் வளைவு அரித்துப்போயிருந்ததால் கையிலேயே விண்டுவிட்டது. உள்ளே சோப்புக் கசடும் பந்து பந்தாக நரைமுடியும். ஒரு கணம் அப்பாவுடையது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் நீளத்தைப் பார்த்தால் என்னுடையது. என் தலை இம்புட்டு நரைத்திருக்கிறது என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது, சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்.

விண்டதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். குழாய்க் கடைக்காரர் உக்கிரபாண்டி அப்பாவை அறிந்தவர் இல்லை, புது ஆள். "இதை ஏம்மா நீங்க சுமந்துக்கிட்டு அலையுறீக, வீட்டுல ஆம்பளையாளு இல்லையா" என்று கேட்டார். மனதில் வஞ்சகம் இல்லாமல்தான் கேட்டார். நான் "இருக்காங்க, மில்லுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன் ஆனி. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது திருப்பரங்குன்றம் தாண்டும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் தெப்பத் திருவிழா. தெரு முழுக்க வண்டியூருக்குக் கிளம்பிவிட்டது, பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் கூப்பிட்டாள், நான் போகவில்லை, வேலையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வாங்கி வந்த புது வளைவை மாட்டி முடித்துக் குழாயைத் திறந்தால் இணைப்புச் சந்தில் தண்ணீர் கொட்டுகிறது, சேலையெல்லாம் நனைந்துவிட்டது. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், மறைப்பானேன். பிறகு எழுந்து மறுபடி கழற்றிப் பார்த்தால் ரப்பர் வாசர் மடங்கிக் கிடந்தது. நேராக வைத்து, மரையில் நூலைச் சுற்றி (தையல் டீச்சருக்கு நூல் சுற்றவா தெரியாது), முதலில் கையாலேயே திருகி, கடைசியில்தான் ரிஞ்சு போட்டேன். சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. உன் வீட்டிலும் அடைத்தால் கம்பியை விட்டுக் குத்தாதே, அடியில் வாளியை வைத்து வளைவைக் கழற்று, புதிது மாட்டும்போது கோணலாகத் திருகிவிடாதே.

தண்ணீர் இறங்கிய சந்தோஷத்தில் "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் வீடு எம்புட்டு அமைதி என்று காதில் விழுந்தது. வாசலுக்கு வந்தால் ரெங்கம்மாள் வீடு பூட்டு, எதிர்வீடு பூட்டு. சாயங்காலம் பால் கொண்டுவந்த இருளாயியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டினேன். "தண்ணி ஓடுறதப் பாக்கவா டீச்சரு கூப்பிட்டீக" என்று சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மக வீட்டுக்குப் போயிருங்க டீச்சரு, தனியா கெடந்து என்ன செய்யப் போறீக" என்றாள். பாலை ஊற்றிவிட்டும் போகாமல் இருட்டும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

நீ கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரச்சொல்லி எழுதினாய், மகள் வீட்டில் வந்து தங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள், என் வீட்டை நானே பார்த்துக்கொள்வேன் என்று பதில் போட்டேன். பார்த்துக்கொள்ளத்தான் முடிகிறது, அதில் குறைவில்லை. ஏப்ரலில் பாஸ்குத் திருநாள் முடிந்ததும் வீட்டை நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையிடம் முதலில் கேள், அவருக்கு மனத்தாங்கல் இருந்தால் ஒளிக்காமல் எழுது, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

பிள்ளைக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிடு. உங்கள் மூவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் குறையாத அன்பும் தரட்டும். மறக்காமல் ஒன்று செய். வாங்கம்மா என்று இன்னொரு தடவை உன் கையால் எழுதிப் போடு. முதலில் கூப்பிட்டதை நான்தான் வேண்டாமென்றுவிட்டேன், அதை வைத்துக்கொண்டு எப்படி ரயில் ஏறுவது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
சகாயமேரி